காற்றைக் கண்டு நகைத்த காலம்

1802ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள், இலண்டன் மாநகரின் சென் ஜேம்ஸ் வீதியிலே ஹம்பிறி அம்மையாரின் படக்கடையில் ஒரு புதிய சித்திரம் விற்பனைக்கு வந்தது. அக்கடையின் சாளரத்திற் புதுப்படம் ஒன்று தொங்குகிறதென்றாற் போதும். வீதியிற் போவோரும் வருவோரும் நின்றுவிடுவர். பணமுள்ள கனவான் உள்ளே சென்று வாங்குவார். வாங்க வகையற்ற பணியாளும் கூலியாளும் வெளியே நின்று கண்ணாடியூடாகப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவர். அரசன், அமைச்சர், படைத்தலைவர், கடல் கடந்த நெப்போலியன் என அந்தச் சாளரத்தில் அகப்படாதார் எவருமிலர். அன்று அகப்பட்டது விஞ்ஞானம்.

படத்தைக் கண்ணாற் காணாத நேயர்கள் அதனை மனத்திலே இவ்வாறு அமைத்துக்கொள்ளலாம். ஒரு விரிவுரை மண்டபம். நீண்ட மேசையொன்றிலே கண்ணாடிச் சாடிகளும் குழாய்களும் வாயு நிறைத்த பைகளும் நெருங்கிக் கிடக்கின்றன. விரிவுரையாளர் ஒரு கனவானின் மூக்கை இறுகப் பிடித்து, வாயில் ஒரு குழாயைப் பொருத்தி, வாயுவைச் செலுத்துகிறார். செலுத்திய வாயு உள்ளே தங்கவில்லை. கனவானின் காற்சட்டையைப் பின்புறமாகப் பிளந்துகொண்டு புகையும் தீயுமாக வெளியேறுகிறது. பக்கத்திலே கையில் துருத்தியுடன் ஓர் இளைஞர் நிற்கிறார். துருத்தியின் வாயிலே புகை. இளைஞரின் முகத்திலே குறும்பு. எதிரே வரிசை வரிசையாகச் சீமான்களும் சீமாட்டிகளும் அமர்ந்திருக்கின்றனர். சிலர் மிகுந்த கவனத்தோடு குறிப்பெடுக்கின்றனர். சிலர் வாய் பிளந்து பார்க்கின்றனர். வலப்புறத்தில், கதவருகே, ஒரு பெரியவர் தம் வீட்டுக் கலியாணம் குறைவின்றி நடக்கிறதென்று கண்ட தகப்பனைப்போல மகிழ்ந்து நிற்கிறார்.

வரைந்தவர் ஜேம்ஸ் கில்றே. படத்தின் பெயரோ ஒரு நூலின் முகப்பைப் போல நீண்டது: 'விஞ்ஞான ஆராய்ச்சிகள்! வாயுவியலிற் புதிய கண்டுபிடிப்புக்கள்! அல்லது காற்றின் வல்லமைகளைப் பற்றிய ஒரு செய்முறை விரிவுரை.' அக்காலத்து விஞ்ஞானிகள் தம் நூல்களுக்கு இட்டுவந்த பெயர்களை அப்படியே எடுத்து, இரண்டு வியப்புக்குறிகளைச் சேர்த்தார் கில்றே. பாதி நகைச்சுவை அதிலேயே முடிந்துவிட்டது.

படத்திலுள்ளோர் கற்பனை மாந்தர் அல்லர். மண்டபம் அல்பமாள் வீதியிலிருந்த அரச நிறுவகத்துக்குரியது. கதவருகே நிற்பவர் அதனை நிறுவியவருள் முதன்மையான றம்போட் பிரபு. துருத்தி ஏந்தியவர் ஹம்பிறி டேவி. அப்போது அவருக்கு வயது 23. மூக்கைப் பறிகொடுத்து நிற்பவர் சேர் ஜோன் கொக்ஸ் ஹிப்பிஸ்லி. பாராளுமன்ற உறுப்பினர், நிறுவகத்தின் நிருவாகிகளுள் ஒருவர். மூக்கைப் பிடித்திருக்கும் விரிவுரையாளர் யாரென்பதில் மட்டும் கருத்து வேறுபாடு உண்டு. நிறுவகத்தின் முதற் பேராசிரியர் தோமஸ் காணற் என்பர் சிலர். அவருக்குப் பின் வந்த தோமஸ் யங் என்பர் வேறு சிலர். காணற் 1801ஆம் ஆண்டிலேயே பதவியைவிட்டு நீங்கியவர். ஆகவே இச்சித்திரத்தை ஒருநாள் மாலை நிகழ்ந்ததன் நேர்ப்பதிவாகக் கொள்வதற்கில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளாக ஊரிலே உலாவிய கதைகளை ஒரே மேசையைச் சுற்றிக் கூட்டி வைத்தார் சித்திரக்காரர் என்பதே பொருத்தமாகும்.

அந்த நிறுவகம் எழுந்த வரலாறு சுவையானது. றம்போட் பிரபு பிறப்பால் ஆங்கிலப் பிரபு அல்லர். அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் நாட்டுப்புறத்திலே பெஞ்சமின் தொம்சன் என்னும் பெயருடன் பிறந்து, பவேரிய மன்னரிடம் ஊழியம் புரிந்து, அங்கே பிரபுப் பட்டம் பெற்றவர். புகை வீட்டுக்குள் வராத அடுப்பை அமைத்தவர். அதற்காகவும் கில்றே 1800ஆம் ஆண்டில் அவரைக் கேலி செய்திருந்தார். அவ்வகை அடுப்பின்முன் பின்புறத்தைக் காய்ச்சிக்கொண்டு நிற்கும் பிரபுவை வரைந்திருந்தார். விஞ்ஞானம் வீட்டுக்கும் பட்டறைக்கும் பயன்பட வேண்டும் என்பது றம்போட்டின் கொள்கை. 1799ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், சேர் ஜோசப் பாங்ஸின் இல்லத்திலே கூடிய செல்வர்கள் இக்கொள்கைக்கு இசைந்து, ஆளுக்கு 50 கினி கொடுத்து நிறுவகத்தைத் தொடக்கினர். தொழிலாளரும் கைவினைஞரும் வந்து கேட்பதற்கென விரிவுரை மண்டபத்தில் ஒரு மேன்மாடம் அமைக்கப்பட்டது. அவர்கள் சீமாட்டிகளோடு இடிபடாமல் வீதியிலிருந்து நேரே மேலே ஏறுவதற்கெனத் தனியே ஒரு கற்படிக்கட்டும் கட்டப்பட்டது. ஆனால் அயல்நாட்டிலே பிரெஞ்சுப் புரட்சி நிகழ்ந்து பத்தாண்டுதான் ஆகியிருந்தது. தொழிலாளருக்கு விஞ்ஞானம் போதித்தால் விபரீதம் விளையும் என்று அஞ்சினோர் பலர். படிக்கட்டு பின்னர் அகற்றப்பட்டது. கில்றேயின் படத்திலே கைவினைஞர் ஒருவரும் காணப்படவில்லை. அங்கிருப்போர் யாவரும் பட்டும் இறகும் அணிந்தவர்களே. விஞ்ஞானம் நாகரிகப் பொழுதுபோக்காய் மாறியதையே அவருடைய ஊசி குத்திக் காட்டுகிறது.

காற்றை ஆராய்வோரைக் கண்டு நகைப்பது ஆங்கில நாட்டிலே கில்றேயோடு தொடங்கிய வழக்கமன்று. றோயல் கழகத்தின் அறிஞர்கள் காற்றை நிறுத்துப் பார்ப்பதிலேயே காலங்கழிக்கின்றனர் என்று இரண்டாம் சார்ள்ஸ் மன்னர் 1664ஆம் ஆண்டில் நகைத்தாரெனச் சாமுவேல் பீப்ஸ் தம் நாட்குறிப்பிலே எழுதியுள்ளார். அக்கழகத்துக்கு அரச பட்டயம் வழங்கியவரும் அதே மன்னரே. 1676ஆம் ஆண்டில் தோமஸ் ஷட்வெல் என்னும் நாடகாசிரியர் விஞ்ஞானி ஒருவரை மேடையேற்றினார். அவர் மேசைமேற் படுத்து நீச்சல் பயில்வார். தண்ணீரில் மட்டும் இறங்கமாட்டார். நாட்டின் பல பாகங்களிலிருந்தும் காற்றைப் போத்தல்களில் அடைத்து வருவித்து, வேண்டியபோது தம் அறையிலே திறந்துவிட்டு அனுபவிப்பார். அந்நாடகத்தைக் காணச் சென்ற றொபேட் ஹூக் தம்மையே கேலி செய்கின்றனர் என்று சினங்கொண்டார். கண்ணுக்குத் தெரியாத பொருளை ஆராய்பவன் காண்போருக்குப் பைத்தியக்காரனாகத் தோன்றுவது இயல்பு. கல்லை நிறுப்பவனைக் கண்டு எவரும் சிரிப்பதில்லை.

நூறாண்டு கழிந்தபின் அந்த நகைப்பிலே அரசியலும் கலந்தது. ஒட்சிசன் வாயுவைப் பிரித்தறிந்தவருள் ஒருவரும், பின்னர் சிரிப்பூட்டும் வாயுவெனப் பெயர் பெற்ற நைத்திரசு ஒட்சைட்டை முதன்முதல் ஆக்கியவருமான ஜோசப் பிறீஸ்ற்லி, பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்தவர். 1791ஆம் ஆண்டிலே பேமிங்காம் நகரக் கலகக்காரர் அவருடைய வீட்டையும் ஆய்வுகூடத்தையும் எரித்தனர். மூன்றாண்டின்பின் அவர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். புரட்சியைக் கண்டித்த எட்மண்ட் பேர்க், மக்களிடையே பொங்கிய சுதந்திர வேகத்தைக் கட்டவிழ்ந்த வாயுவுக்கே ஒப்பிட்டார். வாயு என்றால் கலகம் என்பது அக்காலத்துப் பழைமைவாதியின் காதிலே தானாகக் கேட்கும் எதிரொலி. 1797ஆம் ஆண்டு முதற் சில ஆண்டுகள் அரசாங்கத்திடம் உதவித்தொகை பெற்றவர் கில்றே. அந்த எதிரொலியை அவர் அறியாதவர் அல்லர்.

இனித் துருத்தி ஏந்திய இளைஞரின் கதைக்கு வருதல் வேண்டும். டேவி இலண்டனுக்கு வருமுன் பிறிஸ்ரல் நகரிலே, தோமஸ் பெடோஸ் என்னும் வைத்தியர் 1799ஆம் ஆண்டில் நிறுவிய வாயுச் சிகிச்சை நிலையத்திலே பணிபுரிந்தார். பெடோஸும் புரட்சியை ஆதரித்தவரே. அதன் காரணமாக ஒக்ஸ்போட் பல்கலைக்கழகப் பதவியை இழந்தவர். அவருடைய நோக்கம் வேடிக்கையன்று. அந்நாளிலே சயரோகம் இங்கிலாந்தின் வீடுகளை வெறுமையாக்கிக்கொண்டிருந்தது. நீராவி இயந்திரத்தாற் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட் தம் மகளை 1794ஆம் ஆண்டில் அந்நோய்க்குப் பறிகொடுத்தவர். பெடோஸுக்கு வேண்டிய வாயுக் கருவிகளை அமைத்துக் கொடுத்தவர் அவரே. நுரையீரல் நோயை நுரையீரல் வழியாகச் செலுத்தும் மருந்தினாலேயே தீர்க்கலாம் என்னும் நம்பிக்கை அந்நிலையத்தின் அத்திவாரம். ஷட்வெலின் போத்தற் காற்று இப்போது மருந்தாகிவிட்டது.

எந்த வாயு எந்த நோயைத் தீர்க்கும் என்பதை எவரும் அறியார். ஆகவே டேவி ஒவ்வொன்றையும் தாமே சுவாசித்துப் பார்த்தார். ஒருமுறை நச்சு வாயுவொன்றைச் சுவாசித்து உயிர் போகும் நிலையை அடைந்தார். நைத்திரசு ஒட்சைட்டோ வேறுவகையாய் இருந்தது. பச்சைப் பட்டுப் பையிலே அதனை நிறைத்து உறிஞ்சிய மாத்திரத்தில் உடம்பெங்கும் இன்பம் பரவிற்று, சிரிப்புப் பொங்கிற்று, அறையிலே துள்ளிக் குதித்தார். நண்பர்களுக்கும் கொடுத்தார். கொல்றிட்ஜ், சதே ஆகிய கவிஞர்களும் அப்பையிலே வாய் வைத்தவர்கள். சயரோகம் தீரவில்லை, பாட்டும் சிரிப்புமே மிகுந்தன. 1800ஆம் ஆண்டிலே இவர்களைக் களியாட்டக்காரராகச் சித்திரித்து, பழைமைவாதிகளின் சஞ்சிகையொன்றில் ஒரு கேலிச் செய்யுளும் வெளிவந்தது.

இவ்வாறிருக்கையில் டேவிக்குக் கடைவாய்ப் பல் முளைத்தது. ஈறு வீங்கி, உறக்கமும் வேலையும் கெட்டன. வேதனை மிகுந்திருந்த ஒருநாள் மூன்று பை வாயுவை உறிஞ்சினார். முதல் நான்கைந்து மூச்சிலேயே வலி தணிந்தது. வழக்கமான இன்பம் வந்தது. வாயுவின் வேகம் அடங்கியதும் வலியும் மீண்டது. இதனையும் மற்ற ஆயிரம் செய்திகளோடு சேர்த்து, 1800ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலிலே எழுதினார். 580 பக்கம் கொண்ட அந்நூலின் 556ஆம் பக்கத்திலே ஒரு வாக்கியம் உண்டு: இவ்வாயு உடல் வலியை நீக்க வல்லதாகத் தோன்றுவதால், இரத்தம் பெருகாத சத்திரசிகிச்சைகளில் இதனைப் பயன்படுத்தலாம் என்பது அதன் கருத்து. அந்த ஒரு வாக்கியத்தோடு அடுத்த பொருளுக்குச் சென்றார் டேவி. பின்னர் 1829ஆம் ஆண்டிலே இறக்கும்வரை அவர் அதற்குத் திரும்பவில்லை.

கில்றேயின் படத்திலே மூக்கு இருக்கிறது, துருத்தி இருக்கிறது, காற்சட்டையும் இருக்கிறது. அந்தப் பல் இல்லை. அதற்காகச் சித்திரக்காரரைக் குறைகூறுதல் முறையாகுமா? ஹொலண்ட் சீமாட்டியின் நாட்குறிப்பிலே 1800ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் எழுதிய பகுதியொன்று இவ்வினாவுக்கு விடையளிக்கிறது. அரச நிறுவகத்தின் மண்டபத்திலே வாயுவைப் பரீட்சித்தார்கள். முதலிலே பருத்த உடலுடைய நடுவயதுக் கனவான் ஒருவர் சுவாசித்தார். எவ்வாறிருக்கிறது என்று கேட்டபோது, மூளை மந்தமாயிருக்கிறது என்பதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை என்றார், சபையோர் கைதட்டினர். அடுத்து வந்தவர் சேர் கொக்ஸ் ஹிப்பிஸ்லி. வாயு அவருக்கு ஊட்டிய உற்சாகத்தைக் கண்டு சீமாட்டிகள் வாயைப் பொத்திச் சிரித்து, போதும் போதும் என்று கையுயர்த்திவிட்டார்களாம். டேவி அப்போது பிறிஸ்ரலிலேயே இருந்தார்; அரச நிறுவகத்துக்கு அவர் வந்தது 1801ஆம் ஆண்டிலேதான்.

ஆகவே படம் வெளிவருவதற்கு இரண்டாண்டு முன்பே மண்டபத்துக்குள் நகைப்பு எழுந்துவிட்டது. கில்றே செய்தது அதனை வீதிக்குக் கொண்டுவந்தது மட்டுமே. சபையின் முன்னிலையிலே மனிதர் துள்ளுவதையும் உளறுவதையும் காட்டினால், சபை துள்ளலையும் உளறலையுமே காணும். துள்ளுகின்றவனின் காலிலே முள் தைத்திருந்தால் அவன் அதை உணர்கின்றானா என்று பார்க்க எவருக்குந் தோன்றாது. காட்சியை அவ்வாறு அமைத்தவர்கள் விஞ்ஞானிகளே. சித்திரக்காரர் உள்ளதை உள்ளவாறு கண்டு, சற்றுப் பெருக்கி வரைந்தார். கேலிச் சித்திரம் பொய் சொல்லும் என்று எண்ணுவோர் உளர். இச்சித்திரம் சொன்னது மெய். ஆனால் மண்டபத்தில் இருந்தோர் கண்டதற்கு அப்பால் ஓர் அங்குலமும் அது காணவில்லை.

படம் அச்சான முறையைப் பற்றியும் ஒரு சொல். செப்புத் தகட்டிலே மெழுகு பூசி, ஊசியாற் கீறி, தகட்டை அமிலத்தில் இட்டால், கீறிய இடங்களை மட்டும் அமிலம் அரிக்கும். அப்பள்ளங்களில் மையை நிரப்பிக் காகிதத்தை அழுத்துவர். அரிப்பதற்குப் பயன்பட்டது நைத்திரிக்கமிலம். டேவி சிரிப்பூட்டும் வாயுவைப் பிறப்பித்தது அமோனியம் நைத்திரேற்றைச் சூடாக்கி. அவ்வுப்பு அதே அமிலத்தின் வழித்தோன்றல். இரசாயனத்தைக் கேலி செய்தவரும் தம் கடைக்கு மேலிருந்த அறையிலே நாள்தோறும் இரசாயனமே செய்தார்.

மேற்சொன்ன படம் வெளிவந்து மூன்று வாரம் ஆகுமுன், ஜூன் 12ஆம் நாள், கில்றே இன்னொரு விஞ்ஞானக் காட்சியை வெளியிட்டார். எட்வேட் ஜென்னர் அம்மைப்பால் குத்தும் காட்சி அது. பசுவின் அம்மைப்பாலைக் குத்திக்கொண்டோரின் மூக்கிலும் கையிலும் காதிலும் சிறு பசுக்கள் முளைத்துக் கிளம்புகின்றன. நடுவிலே ஜென்னர் கத்தியுடன் அமைதியாக நிற்கிறார். பெரியம்மையைத் தடுத்தமைக்காகப் பாராளுமன்றம் ஜென்னருக்குப் 10,000 பவுண் வழங்க இசைந்து பத்து நாளே ஆகியிருந்தது. அப்படத்தையும் இலண்டன் பார்த்துச் சிரித்தது. ஆனால் படம் வெளியான இரண்டாம் நாள், ஜூன் 14இல், பம்பாயிலே மூன்று வயதுக் குழந்தையொன்றுக்கு அம்மைப்பால் குத்தப்பட்டது. இந்தியாவிலே வெற்றியுடன் குத்தப்பட்ட முதற் குழந்தை அதுவே. அதே 1802ஆம் ஆண்டிலே அம்மைப்பால் இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. நாளடைவிற் பெரியம்மை உலகைவிட்டே அகன்றது. 1980ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் அதனை உறுதிப்படுத்திற்று.

ஒரே கை, ஒரே ஆண்டு, ஒரே கடை. ஒரு கேலி ஜென்னரின் மருந்தை ஒருநாளும் தாமதிக்கச் செய்யவில்லை. மற்றது எள்ளிய வாயுவோ நாற்பது ஆண்டுக்கு மேலாக வேடிக்கைப் பொருளாகவே கிடந்தது. வேறுபாடு சித்திரத்தில் இல்லை. ஜென்னரின் அம்மைப்பால் வைத்தியர்களின் கைக்குச் சென்றது. ஊர் ஊராகக் குத்தி, குத்தியோருக்கு நோய் வருகிறதா என்று பார்த்துக் கணக்கெழுதினார்கள். டேவியின் வாயுவை மேடையிலிருந்து இறக்கிச் சத்திரவைத்தியரின் கட்டிலருகே கொண்டுசெல்ல எவருமில்லை. டேவி வைத்தியர் அல்லர்; இலண்டனுக்கு வந்தபின் அவருடைய கவனம் மின்சாரத்திற் சென்றது. சத்திரவைத்தியர்களோ, நோயாளி கதறுவது இயற்கை, விரைந்து வெட்டுவதே திறமை என்று பழகியவர்கள். இவற்றோடு, சிரிப்பூட்டும் வாயு என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. அப்பெயருடைய ஒன்றை அறுவை மேசைக்கு எடுத்துச்செல்லும் வைத்தியர் தம் மதிப்பையும் உடன் எடுத்துச்செல்ல வேண்டியிருந்தது.

தாமதத்தின் விலை யாது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். பனி பேர்னி என்னும் ஆங்கில நாவலாசிரியை, 1811ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்திலே, பாரிஸ் நகரில் மார்பகத்தை வெட்டி நீக்கும் சிகிச்சைக்கு உள்ளானார். நெப்போலியனின் படைவைத்தியரான லறே முன்னின்று வெட்டினார். அம்மையாருக்குக் கொடுக்கப்பட்டது ஒரு மதுக் கலவை. முகத்தின்மேல் ஒரு மெல்லிய துணி. துணியூடாகக் கத்தியின் பளபளப்பை அவர் கண்டார். முழு நினைவோடு யாவற்றையும் உணர்ந்தார். பின்னர் மாதக்கணக்காக அதனை நினைக்கவும் அஞ்சியிருந்து, ஈற்றிலே தம் சகோதரிக்கு நீண்ட கடிதமாக எழுதினார். அவர் பிழைத்து 1840ஆம் ஆண்டுவரை வாழ்ந்தார். டேவியின் நூல் வெளிவந்து அப்போது பதினொரு ஆண்டு ஆகியிருந்தது.

பகிரங்க விரிவுரைகளால் விளைந்த நன்மையை மறைப்பதும் நியாயமன்று. 1812ஆம் ஆண்டிலே, புத்தகம் கட்டும் தொழில் பயின்ற இளைஞர் ஒருவர், கடைக்கு வந்த வாடிக்கையாளர் கொடுத்த அனுமதிச் சீட்டுடன் அல்பமாள் வீதி மண்டபத்துக்கு வந்து, மேன்மாடத்திலே அமர்ந்து டேவியின் விரிவுரைகள் நான்கைக் கேட்டார். கேட்டவற்றை எழுதி, படம் வரைந்து, தம் கையாலேயே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். அவரே மைக்கேல் பரடே. கைவினைஞருக்கென்று கட்டிய படிக்கட்டை அகற்றிவிட்டார்கள். எனினும் ஒரு கைவினைஞர் ஏறி வந்துவிட்டார். மறு ஆண்டில் டேவியின் உதவியாளராகி, பின்னர் அம்மண்டபத்திலேயே உலகம் வியக்கும் விரிவுரைகளை அவர் ஆற்றினார்.

கில்றேயின் முடிவு இரங்கத்தக்கது. கண்பார்வை மங்கி, மனநிலை திரிந்து, ஹம்பிறி அம்மையாரின் பராமரிப்பிலே கடைக்கு மேலிருந்த அறையிற் பல ஆண்டு அடங்கிக் கிடந்து, 1815ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே காலமானார்.

அவருக்குப் பின்பும் வாயுவைப் பற்றிய கேலிச் சித்திரங்கள் ஓயவில்லை. சச்சரவு செய்யும் மனைவியரைச் சிரிக்கவைக்க இவ்வாயுவைக் கொடுக்கலாம் என்று 1830ஆம் ஆண்டுப் படமொன்று கூறிற்று. 1839ஆம் ஆண்டிலே ஜோர்ஜ் குறூக்சாங், மாணவர்க்கான இரசாயன நூலொன்றின் முகப்பிலேயே, வாயுவை உறிஞ்சி ஆடும் கூட்டத்தை வரைந்தார். கேலி இப்போது பாடநூலின் அலங்காரமாகிவிட்டது. அமெரிக்காவிலோ சிரிப்பூட்டும் வாயு ஊர் ஊராகச் செல்லும் கூத்தாயிற்று. சுழல் துப்பாக்கியை அமைத்த சாமுவேல் கோல்ட், அதற்கு வேண்டிய பணத்தைச் சேர்ப்பதற்காகத் தம்மை வைத்தியரென்று கூறிக்கொண்டு இவ்வாயுக் காட்சியை நடத்தியவர்.

அத்தகைய காட்சி ஒன்றிலேதான் கதை திரும்பிற்று. 1844ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 10ஆம் நாள், ஹாட்போட் என்னும் அமெரிக்க நகரிலே கார்ட்னர் கோல்ற்றன் என்பவர் காட்சி நடத்தினார். நுழைவுக் கட்டணம் 25 சதம். மதிப்புள்ள கனவான்களுக்கே வாயு வழங்கப்படும் என்றும், அவர்கள் தம்மைத்தாமே காயப்படுத்தாதவாறு காக்கப் பலசாலிகள் எண்மர் முன்வரிசையில் இருப்பர் என்றும் விளம்பரம் கூறிற்று. வாயுவை உறிஞ்சிய கூலி என்னும் இளைஞர் வெறிகொண்டு ஓடி, இருக்கையிலே மோதிக் காலைக் கிழித்துக்கொண்டார். பலசாலிகள் எண்மர் இருந்தும் பயனில்லை. திரும்பி வந்து அமர்ந்தவரின் காலிலே இரத்தம் வழிந்தது. அவரோ அதை அறியாதிருந்தார். மண்டபம் சிரித்தது. பார்வையாளருள் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. ஹொறஸ் வெல்ஸ் என்னும் பல் வைத்தியர் அவர். வலித்ததா என்று கூலியைக் கேட்டார். இல்லை என்று விடை வந்தது. மறுநாளே வெல்ஸ் கோல்ற்றனின் வாயுவை உறிஞ்சித் தம் பல்லையே பிடுங்கச் செய்தார். ஒரு வலியும் தெரியவில்லை.

அதன்பின் வேறு பல நோயாளிகளிலும் வெற்றி கண்ட வெல்ஸ், 1845ஆம் ஆண்டு ஜனவரியிலே பொஸ்ரன் நகருக்குச் சென்று, வைத்திய மாணவர் கூடிய சபையிலே செய்துகாட்ட முனைந்தார். வாயுப் பையை வேளைக்கு முந்தி எடுத்துவிட்டார்கள். பல்லைப் பிடுங்கியபோது நோயாளி கத்தினார். வழக்கத்திலும் குறைந்த வலியே தோன்றிற்று என்று அவர் பின்னர் கூறினார். ஆயின் அதனைக் கேட்க எவரும் அங்கே காத்திருக்கவில்லை. வித்தை, ஏமாற்று என்று மாணவர் கூவி நகைத்தனர். இரண்டாண்டு செல்லுமுன், 1846ஆம் ஆண்டு ஒக்ரோபர் 16இல், வெல்ஸின் முன்னாட் கூட்டாளியான வில்லியம் மோட்டன் அதே பொஸ்ரனில் ஈதரைக் கொண்டு வலியற்ற சத்திரசிகிச்சையை நிறுவிக் காட்டினார். மனமுடைந்த வெல்ஸ் 1848ஆம் ஆண்டிலே, 33ஆம் வயதில் இறந்தார்.

நைத்திரசு ஒட்சைட்டு மீண்டும் மறக்கப்பட்டது. அதனை மறதியிலிருந்து மீட்டவர் பேராசிரியர் ஒருவரும் அல்லர். ஹாட்போட்டிலே 25 சதத்துக்குக் கனவான்களைக் குதிக்கவைத்த அந்தக் கோல்ற்றன், 1863ஆம் ஆண்டில் நியூ ஹேவன் நகரிலே பல் வைத்தியர் ஒருவருடன் சேர்ந்து, வாயுக் கொடுத்துப் பல் பிடுங்கத் தொடங்கினார். பின்னர் நியூயோர்க்கிலே அதற்கென்றே ஒரு நிலையத்தைத் திறந்தார். அங்கு வந்தவர்கள் சிரிப்பதற்காக வரவில்லை, பல்வலியோடு வந்தார்கள்.